நீர்க்கோலை யார் கையில் கொடுப்பது?

மூன்று வருடமாக ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடக்கும் இடத்துக்கு மடைநாடு என்று பெயர் வைத்திருக்கிறேன். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் மதுரையிலிருந்து மேலூருக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு அந்தக் கண்மாய்க்கரையும் பனையும் தூரத்து அழகர்மலையும் உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

அந்த நாட்டில் ஒரு கோல் இருக்கிறது. நீர்க்கோல். அதை வைத்திருப்பவர் சொன்னபடி தண்ணீர் கேட்கும். ஓடு என்றால் ஓடும், நில் என்றால் நிற்கும். ஆனால் கோல் புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உண்டாக்காது. இங்கே ஒரு கண்மாய் நிரம்பினால் அதே நேரத்தில் வேறு எங்கோ ஒரு கண்மாய் வற்றும். எது வற்றியது என்று கோல் ஏந்தியவருக்குத் தெரியாது.

கதையின் நடுவில் அரசர் இறந்துபோகிறார். அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. கோல் இப்போது அரசரின் தங்கை கையில். வடக்கு வாசலுக்கு வெளியே பங்காளி படையோடு வந்து நிற்கிறான். அவன் கெட்டவன் இல்லை. பெண் பிள்ளைக்கும் சின்னப் பிள்ளைக்கும் மேலே தனக்குத்தான் உரிமை என்று நினைக்கிறான், அந்த நாட்டு வழக்கப்படி அதில் பாதி நியாயம் இருக்கிறது. கோட்டைக்குள் நாற்பது நாளுக்குத்தான் நெல் இருக்கிறது.

அவள் என்ன செய்ய வேண்டும்? இந்த ஓர் அத்தியாயத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். மாயக்கதை எழுதுகிற எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து சேருவீர்கள் என்பதால், நான்கையும் வைத்துப் பார்த்ததை இங்கே சொல்கிறேன். மதுரையில் இருந்து எழுதுவதில் ஒரு வசதி உண்டு. அந்த நான்கு முடிவுகளையும் இந்த ஊர் ஏற்கெனவே ஒரு முறையாவது பார்த்திருக்கிறது.

முதல் வழி, முடி சூடிக்கொண்டு கோலை ஓங்குவது. ஆற்றை ஏவிவிட்டுப் பங்காளியின் பாளையத்தை ஒரே இரவில் அடித்துக்கொண்டு போகச் செய்வது. படித்துப் பார்த்த நண்பர்களில் பெரும்பாலானோர் இதைத்தான் கேட்டார்கள். இந்தப் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தயங்கிக்கொண்டே இருக்கும் அரசி ஒவ்வொரு நாளும் நாற்பதில் ஒரு பங்கு நெல்லைத் தின்றுகொண்டிருக்கிறாள். ஒரே இரவில் முடிந்துவிட்டால் உள்ளே இருக்கும் குழந்தைகள் பசியில்லாமல் தூங்குவார்கள்.

ஆனால் பங்காளிச் சண்டையில் ஜெயித்தவர் கணக்கு ஜெயித்த அன்றோடு முடிவதில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1310இல் இறந்தபோது, அவரைக் கொன்றது மகன் சுந்தர பாண்டியனே என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். சுந்தரனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டிருந்த நேரத்தில், 1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து சேர்ந்தது. கால் நூற்றாண்டு கழித்து மதுரையில் ஒரு சுல்தானகமே ஏற்பட்டுவிட்டது. அண்ணன் தம்பி இருவருமே வீரர்கள்தான். இருவருக்கும் ஏதோ ஓர் உரிமை இருந்தது. ஊருக்குத்தான் காவல் இல்லாமல் போனது.

நாயக்கர் காலத்தின் முடிவும் ஏறக்குறைய இதே மாதிரிதான். விஜயரங்க சொக்கநாதர் 1732இல் வாரிசில்லாமல் இறந்த பின் அரசி மீனாட்சி ஒரு பக்கம், பங்காரு திருமலை இன்னொரு பக்கம். அந்தச் சண்டைக்குள் ஆற்காட்டுப் படையோடு வந்த சந்தா சாகிப்பின் கையில்தான் கடைசியில் எல்லாம் போனது. அரசி நஞ்சு குடித்து இறந்தார் என்று சொல்வார்கள்.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானைக் கதையும் இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாளைக்கு வரும். யானையே நூறு வயலுக்குள் புகுந்துவிட்டால், அதன் வாய் தின்பதைவிடக் கால் மிதித்துக் கெடுப்பதுதான் அதிகம். அவர் வரி வாங்குவதைப் பற்றிச் சொன்னார். என் கதையில் ஆற்றை ஏவுவதும் யானையை வயலுக்குள் விடுவதுதான். பாளையம் மூழ்கும், சரி. அப்புறம் எங்கோ ஒரு கண்மாய் வற்றி, அதன் ஆயக்கட்டில் கதிர் வாங்கும் நேரத்துப் பயிர் கருகும். அந்த ஊர்க்காரர்களுக்கு யார் ஜெயித்தால் என்ன?

முதல் வழியை எழுதும்போது கை தானாக ஓடியது. பக்கம் பக்கமாக வந்தது. அதனாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது.

இரண்டாவது, கோலைக் கொடுத்துவிட்டு வாசலைத் திறப்பது. கேட்க உயர்ந்ததாக இருக்கும். சோழன் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்து கிடந்தபோது கோவூர்கிழார் அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். அறம் உடையவன் என்றால் உன்னுடையது என்று சொல்லித் திற. மறம் உடையவன் என்றால் போரோடு திற. இரண்டும் இல்லாமல் மதிலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு. புறநானூற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாடல்களில் அது ஒன்று. உள்ளே யானைகள் தீனி இல்லாமல் கிடப்பதையும், பிள்ளைகள் பாலில்லாமல் அழுவதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் புலவர் இந்தப் பேச்சுக்கு வருகிறார். அரசனுடைய மானம் அதற்குப் பிறகுதான்.

ஆனாலும் துறப்பதும் காப்பதும் ஒன்றா என்ற கேள்வி எனக்கு விடவில்லை. அதற்குச் சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். தவறு தெரிந்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலிருந்து விழுந்து உயிரை விடுகிறான். தமிழில் அதைவிடப் பெரிய ராஜினாமா இல்லை. நியாயத்துக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தான். சின்ன வயதிலிருந்து நாம் எல்லாரும் அவனை அப்படித்தான் படித்து வளர்ந்தோம், அந்த மரியாதை எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனால் அதற்கு அடுத்த காட்சி என்ன? மதுரை எரிகிறது. கண்ணகி தீக்கு விலக்கு சொல்கிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள். யாரைக் காக்க வேண்டும் என்ற பட்டியலை அன்றைக்குச் சொன்னது ஊரை எரிக்க வந்தவள். காக்க வேண்டியவன் தரையில் கிடந்தான்.

இந்தக் கோணத்தில் பார்த்த பிறகு, கோலைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிற அரசியை என்னால் எழுத முடியவில்லை. அவள் கை சுத்தமாக இருக்கும். பங்காளி நல்லவனாக இருந்தால் மக்களும் தப்பித்துவிடுவார்கள். அந்த ‘இருந்தால்’ ஒன்றின் மேல் முழு நாட்டையும் வைக்க அவளுக்கு உரிமை உண்டா? உங்கள் கதையில் எதிரியின் குணத்தை அரசி உறுதியாக அறிந்திருந்தால் இரண்டாவது வழி நல்ல வழி. என் கதையில் அவளுக்கு அவனைப் பத்து வயதுப் பையனாகத்தான் தெரியும்.

மூன்றாவது வழி, எதையும் முடிவு செய்யாமல் வாசலை அடைத்துக்கொண்டு காத்திருப்பது. இதை முதலில் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட்டேன். பிறகு பாரியை நினைத்ததும் திருத்திக்கொண்டேன். பறம்புமலை என்று சங்கப் பாட்டில் வருவது இன்றைய பிரான்மலை, சிங்கம்புணரிக்குப் பக்கம். மூவேந்தரும் சேர்ந்து வளைத்தபோதும் பாரி இறங்கி வரவில்லை. உழவர் உழாமலே அந்த மலை நான்கு பொருள் தரும் என்று கபிலர் கணக்குச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகை நேரத்தில் பறவைகள் வெளியே பறந்து போய் நெற்கதிர் கொண்டுவந்து கொடுத்ததாகவும் அகநானூற்றில் வருகிறது. நம்முடைய முதல் மாயக்கதைகளில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மதுரைக் கோட்டையோ மலை இல்லை. 1764 முற்றுகையில் உள்ளே இருந்தவர் யூசுப் கான். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களுக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் வேலை செய்து, அப்புறம் அவர்களையே எதிர்த்தவர். ஆளுநராக இருந்தபோது கண்மாய்களைச் சீர் செய்தவர் என்ற நல்ல பேரும் அவருக்கு உண்டு. உணவு குறையக் குறைய உள்ளே இருந்தவர்களின் மனம் மாறியது. கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அங்கே போய் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். காத்திருப்பவர் எவ்வளவு தைரியசாலி என்பதைவிட, காத்திருக்கும் நாட்களுக்கு யாருடைய வயிறு விலை கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. பாரிக்கு மலை சோறு போட்டது. என் அரசிக்கு நாற்பது நாள் நெல். ஆக மூன்றாவது வழி வழியே இல்லை, தள்ளிப்போடுதல் மட்டும்தான்.

நடுவில் வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. அரியணை மேல் ஆசையில்லாத ஒரு காவலனைக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். இதற்கும் இங்கே முன்மாதிரி உண்டு. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை வந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தபோது, ராமநாதபுரத்திலிருந்து ரகுநாத சேதுபதி வந்து விரட்டினார். நன்றிக்குத் திறை தள்ளுபடி ஆனது. நல்ல கதைதான், ஆனால் அது சேதுபதியின் கதையாகிவிடும். அரசியின் முடிவை வேறு ஒருவர் தோளுக்கு மாற்றுவதாகும்.

கோலையே உடைத்துவிடலாம் என்றார் இன்னொருவர், இளைஞர். இதற்குப் பதில் என் தாத்தாவிடம் இருக்கிறது. மடை உடைந்தால் தண்ணீர் எல்லாருக்கும் சமமாகப் போகாது. பள்ளத்து வயலுக்குத்தான் போகும்.

அந்தத் தாத்தா எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். ஆயக்கட்டு விவசாயிகள் கூடி ஒருவரை அந்த வேலைக்கு வைப்பார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் மட்டும்தான். எவ்வளவு பெரிய காரை வீட்டுக்காரராக இருந்தாலும் தன் வயலுக்குத் தானே வாய்க்காலை வெட்டிவிட முடியாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாகக் கூலி வரும். ஊருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு ஆள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டியதுதான். ஒரு வறட்சி வருடத்தில் தண்ணீர் கடைமடை வரைக்கும் எட்டாது என்று தெரிந்தபோது, தலைமடையில் இருந்த எங்கள் இரண்டு வயலுக்குத் தாத்தா தண்ணீர் விடவே இல்லை. அப்பத்தா அதற்காக அவரோடு பல நாள் பேசவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டுக் குலுக்கை காலி. ஆனால் அந்த வருடம் மடையில் ஒரு சண்டைகூட நடக்கவில்லை என்று ஊரில் இன்றும் பேச்சு உண்டு.

நான்காவது வழி இங்கிருந்துதான் வந்தது. முடி சூடாமல், கோலையும் விடாமல், பையன் வளரும் வரைக்கும் அவன் பேரால் வைத்துக்கொள்வது. வரலாற்றில் இதற்குப் பெயர் மங்கம்மாள். 1689இல் மகன் அம்மை கண்டு இறந்தபோது பேரன் இன்னும் தாயின் வயிற்றில் இருந்தான். அவன் பிறந்த பின் பதினைந்து ஆண்டு அளவுக்கு மங்கம்மாள் அவன் பேரால் ஆண்டார். வடக்கே முகலாயர் பலம் பெருகியபோது, எதிர்த்து நின்று பேர் வாங்குவதற்குப் பதிலாகத் திறை கட்ட ஒத்துக்கொண்டார். அதற்காக யாரும் அவரைக் கோழை என்று சொல்வதில்லை. சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. திறை கொடுத்து மிச்சப்பட்ட போரின் செலவு எங்கே போனது என்று கேட்டால் நான் அந்தப் பக்கம் கை காட்டுவேன்.

ஆனால் மங்கம்மாள் கதைக்கும் ஒரு முடிவு இருக்கிறது. பேரன் வளர்ந்த பிறகு ஆட்சி கை மாறிய விதம் சரியாக இல்லை. தமுக்கத்து அரண்மனையில் அவரை அடைத்துவைத்து, சோறு கண்ணில் படும்படி, கைக்கு எட்டாதபடி வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று மதுரையில் கதை சொல்வார்கள். அந்த அரண்மனையில்தான் இப்போது காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூட்டிப் போனபோது, கூட வந்த டீச்சர் அந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் அழவைத்துவிட்டார். கதை நடந்ததோ இல்லையோ, ஊர் அதை முந்நூறு வருடமாக விடாமல் சொல்கிறது. பொறுப்பாக வாங்கிய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் எழுதிவைக்கப்படவில்லை என்றால், கொடுப்பவருக்கும் ஆபத்து, வாங்குபவருக்கும் ஆபத்து.

நாள் குறிப்பது எப்படி என்று யோசிக்க நான் வெகுதூரம் போகவில்லை. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். வேப்பம்பூ மாலை, கையில் செங்கோல். சித்திரையிலிருந்து நான்கு மாதம் மதுரையில் அவள் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் கட்டுவார்கள், எட்டு மாதம் அவர் ஆட்சி. அடுத்த சித்திரையில் மறுபடி அம்மனுக்கு. திக்விஜயம் போய் உலகையே ஜெயித்தவள் என்று எந்த ஊர் சொல்கிறதோ, அதே ஊர் அவளுக்குக் கெடு வைத்திருக்கிறது. அவளும் வருடம் தவறாமல் செங்கோலைக் கொடுத்துவிடுகிறாள். இதைச் சிறு வயதிலிருந்து பார்த்தும், ஒரு கதாசிரியனாக இதன் கனம் எனக்குப் போன வருடம்தான் உறைத்தது.

அதே ஆவணி மூலத்தில்தான் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழாவும். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைய, வீட்டுக்கு இவ்வளவு என்று கரையைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறான் பாண்டியன். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. கூலிக்கு வந்த சிவன் பிட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்குகிறார். பிரம்பால் அடிக்கிறான் மன்னன். அடி அவன் முதுகிலும் விழுகிறது, எல்லார் முதுகிலும் விழுகிறது. என் நீர்க்கோலுக்கு இல்லாமல் போன விதியை எனக்குக் கொடுத்தது இந்த இடம்தான். கோலை ஓங்கினால் யாரோ ஒருவருடைய கண்மாய் வற்றும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஓங்குபவர் ‘என் கண்மாயிலிருந்து எடு’ என்று முதலில் சொல்லிவிட்டால் கோல் அங்கிருந்துதான் எடுக்கும். தலைமுறை தலைமுறையாக யாரும் அப்படிச் சொல்லிப் பார்க்காததால் யாருக்கும் அது தெரியவில்லை. அரசி முதல் முறையாகச் சொல்கிறாள்.

அதனால் என் முடிவு நான்காவது வழி, இந்த இரண்டு கட்டுகளோடு. எடுக்கும் தண்ணீர் அவளுடைய சீதனக் கண்மாயிலிருந்து மட்டும். கெடு ஏழு வருடம், பையனுக்குப் பதினாறு ஆகும் வரை, கண்மாய்க்கரைக் கல்லில் வெட்டி ஊர் பார்க்க வைத்தாயிற்று. பங்காளிக்குத் திறை உண்டு, கெடு முடியும் நாளில் சாட்சியாக நிற்கும் உரிமையும் உண்டு. அவன் கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் வெறுங்கையோடு திரும்பவும் இல்லை. வாசல் முப்பத்தோராம் நாள் திறக்கிறது.

இதைப் படித்த ஒரு தோழி, “கடைசியில அரசி தோத்துட்டாளே” என்றார். சண்டைக் காட்சி இல்லாத குறை எனக்கும் தெரிகிறது. முதல் வழியில் கிடைக்கும் வேகம் இதில் வராது. உங்கள் கதையின் எதிரி பேச்சுக்கே இடம் கொடுக்காதவன் என்றால், வாசலில் நெருப்போடு நிற்கிறான் என்றால், என் நான்காவது வழி ஒரு நாள்கூடத் தாங்காது. அப்போது கோலை ஓங்கத்தான் வேண்டும். அங்கேயும் யார் கண்மாய் வற்றப்போகிறது என்பதை ஓங்குவதற்கு முன்னால் ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.

எனக்கு இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி இருக்கிறது. கெடு முடியும் நாள். விடிவதற்கு முன்னால் அரசி பையனை எழுப்பித் தன் சீதனக் கண்மாய்க்குக் கூட்டிப் போகிறாள். ஏழு வருடம் வற்றிக் கிடந்து உள்வாய் முழுக்கக் கருவேலம் மண்டியிருக்கிறது. கலுங்கில் ஆடு மேய்கிறது. “அத்தை, இங்கே ஏன் தண்ணியே இல்லை?” என்று கேட்கிறான் பையன். கோல் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.